அமைதியான வெப்பமண்டலக் கடற்கரையில் ஓய்வு விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டமில்லாத ஒரு கடற்கரையில் சில நாள்களைச் சும்மா கழிக்க விரும்புபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நீர்விளையாட்டு, இரவுக் கேளிக்கை, ஊர் சுற்றிப் பார்த்தல் ஆகியவை பற்றி இங்கே எதுவும் இல்லை. கடற்கரைக்கென்று ஒரு நேர அட்டவணை உண்டு. ஓதமும் (கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவது) காற்றும் வெயிலும் சேர்ந்து அதை வகுக்கின்றன. அந்த அட்டவணையோடு ஒத்துப் போகிறவருக்குத்தான் ஓய்வு வாய்க்கிறது என்பது என் அனுபவம். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை சுற்றி வந்து அங்கேதான் நிற்கும்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட, அதாவது வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 23.4 பாகைக்குள் அமைந்த நிலப்பரப்பே வெப்பமண்டலம். அங்கே பருவங்களைப் பிரிப்பவை மழையும் காற்றும்தான். வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒரு நாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு "இப்போது போகலாமா" என்று கேட்பதில் பொருளில்லை. இலங்கையையே எடுத்துக்கொண்டால், அதன் தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி அந்தக் கரை கொந்தளிக்கும் மாதங்களில், சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கிழக்குக் கரை குளம்போல் கிடக்கும். கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, நீங்கள் செல்லும் மாதத்தில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் பருவமே ஓய்வுக்கு ஏற்றது.

புயல் காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரீபியன் பகுதியை உள்ளடக்கிய அட்லாண்டிக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவமாகக் கணக்கிடப்படுகிறது. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 பாகைக்குள் புயல்கள் உருவாவது மிக அரிது. புவிச்சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்புவிசை அங்கே போதாது என்பதே காரணம்.

பருவத்தின் உச்சத்தைவிட, மழை ஓய்ந்த முதல் சில வாரங்களையே நான் பரிந்துரைப்பேன். பின்புறத்து மரங்கள் பச்சையாக இருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது.

படத்தில் அழகாகத் தெரியும் கடற்கரை நேரில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். ஒருமுறை படத்தை மட்டும் நம்பி, நீலநீர் வாசற்படி வரை வந்து நிற்பதாகக் காட்டிய ஒரு விடுதியில் ஐந்து நாள்களுக்கு அறை எடுத்தேன். போய்ச் சேர்ந்த பிற்பகலில் கடலைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஈரச் சேறும் கடற்புல்லும் கிடந்தன. வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாக அலை தெரிந்தது. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை, படம் நிறைந்த ஓதத்தில் எடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சரிவு குறைந்த கரைகளில் நீர் வற்றும்போது இப்படி நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்குவது இயல்பு.

ஆகவே செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தக் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்கு இணையாக வெளிர்நிறப் பட்டை ஒன்றும், அதற்கு அப்பால் நுரைக்கோடும் தெரிந்தால் அது பவளத்திட்டு. உள்ளே இருக்கும் நீர் அலையடங்கிய காயலாக இருக்கும், ஆனால் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழம்கூடத் தேறாது. பழுப்பான நீர் தெரிந்தால் அருகில் ஆறு கலக்கிறது. அந்த ஊருக்கான ஓத அட்டவணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் வேறுபாடு என்று பாருங்கள்; ஒரு மீட்டருக்குள் என்றால் கவலையில்லை.

எத்தனை நாள்கள் தேவை?

குறைந்தது ஐந்து. முதல் இரண்டு நாள்கள் வேலைக்குப் போகும் உடம்பே கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்: கைபேசியைத் தேடும், அடுத்து என்ன என்று கேட்கும், நடந்தால் வேகமாக நடக்கும். மூன்றாம் நாள் பிற்பகலில்தான் பெரும்பாலானோர் மணி பார்க்க மறக்கிறார்கள். மூன்றே நாள்கள் கிடைக்குமானால், வீட்டுக்கு அருகிலேயே ஒரு நீர்நிலையோரம் தங்குவது மேல். பாதி நேரத்தைப் பயணத்தில் தொலைக்க வேண்டியதில்லை.

ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

நீங்கள் அமைக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே அமைந்திருக்கிறது. நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறும், விரைவாகக் குளிரும். இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்று வீசுவதால், விடியற்காலையில் கரையோர நீர் கண்ணாடிபோல் இருக்கும். நீந்தவும், முகமூடி அணிந்து நீருக்கடியில் மீன்களைப் பார்க்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது; அலை மணலைக் கிளறாததால் நீர் தெளிந்திருக்கும். முற்பகலில் நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். பிற்பகலில் அது வலுக்கும். நீரில் சிற்றலைகள் எழும். தென்னோலை சலசலக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் நிழலுக்குப் போய்ப் படு என்பதற்கான அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். வெயில் சாய்ந்தபின் கடற்காற்று தணிய, மறுபடி ஓர் அமைதி வரும்.

இதன்மேல் ஓதம் தன் கணக்கை எழுதுகிறது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே இன்று காலை 9 மணிக்கு நிறைந்த கடல் நாளை 9.50 வாக்கில்தான் நிறையும். அமாவாசை, பௌர்ணமி நாள்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். அட்டமியை ஒட்டி இந்த வேறுபாடு குறையும். குளிக்க மட்டுமே விரும்புபவர் அட்டமி வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நீர் வற்றிய பாறைக்குழிகளைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் திருவிழா. காலை உணவுக்கு மணி அடிப்பதை மறந்து, "நீர் இறங்கியதும் நடக்கப் போகலாம்" என்று வீட்டாரோடு பேசிக்கொள்ளத் தொடங்கும் நாளில் விடுமுறை சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் செய்ய ஒன்றுமில்லாமல் சலிப்பு வராதா?

வரும். வரட்டும். அது ஒன்றரை நாள் இருந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் பயந்து படகுச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

சலிப்பு போனபின் கண் தானாக வேலை செய்யத் தொடங்கும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலின் மேற்கிலும் பல கரைகளில், நீர் வற்றிய ஈரமணலில் மிளகளவு மணல் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடப்பதைக் காணலாம். அசையாமல் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் காரணம் வெளியே வரும்: விரல்நகத்தை விடச் சற்றே பெரிதான ஒரு நண்டு, வளைக்குள்ளிருந்து கண்களை முதலில் நீட்டிப் பார்த்து, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, மணலை இரு கொடுக்குகளாலும் அள்ளி வாயில் திணிக்கும். மணற்துகளில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை வழித்துக்கொண்டு, எஞ்சிய மணலை உருண்டையாக்கிக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளும். வளையிலிருந்து கதிர்களைப்போல் நேர்க்கோடுகளில் உருண்டைகள் பரவியிருப்பது அதனால்தான். ஓதம் ஏறும்போது அத்தனையும் கரைந்துவிடும். அடுத்த வற்றத்தில் நண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். என் நிழல் விழுந்த கணத்தில் நூறு நண்டுகள் ஒரேயடியாக மறைந்ததும், அவை திரும்பி வரும்வரை கழுத்தைக்கூடத் திருப்பாமல் காத்திருந்ததும்தான் அந்த ஐந்து நாள் பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பவை. கடல் காணாமற்போன அதே விடுதிதான்.

கீழே கிடக்கும் மணலையும் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வெண்மணல் பெரும்பாலும் பவளம், சிப்பி ஆகியவற்றின் துகள். அதில் ஒரு பகுதி கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்து அரைத்து வெளியேற்றியது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை உண்டாக்கவல்லது. கருமணல் பெரும்பாலும் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது; நண்பகலில் அதன்மேல் வெறுங்காலுடன் நடக்க முயலாதீர்கள்.

வெயிலிலிருந்து எப்படிக் காத்துக்கொள்வது?

வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரின் வலுவைக் காட்டும் எண் புற ஊதாக் குறியீடு; வெப்பமண்டலத்தில் நண்பகலில் அது 11-ஐத் தாண்டுவது அன்றாட நிகழ்வு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே கடைசிப் படி. கருவி எதுவும் தேவையில்லை, உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போங்கள். மேகமூட்டத்தை நம்ப வேண்டாம், மெல்லிய மேகத்தின் வழியே பெரும்பகுதிக் கதிர் இறங்கிவிடும். உலர்ந்த மணல் 15 விழுக்காடும் கடல்நுரை 25 விழுக்காடும் கதிரைத் திருப்பி அனுப்புவதால், குடைக்குக் கீழே உட்கார்ந்தவரும் கன்றிப்போவதுண்டு. கடற்காற்று தோலைக் குளிரவைத்துக்கொண்டே இருப்பதால் எரிவது தெரியாது. மாலையில் குளிக்கும்போதுதான் தெரியும்.

சன்ஸ்கிரீன் புட்டியில் SPF என்று குறிக்கப்படும் காப்புக் காரணி 30 என்பது தோலைக் கன்றவைக்கும் கதிரில் ஏறக்குறைய 97 விழுக்காட்டைத் தடுக்கிறது, 50 என்பது 98. எண்ணைவிட அளவு முக்கியம்: வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் பூச வேண்டும். காது மடல், பாதத்தின் மேற்புறம், தலைவகிடு ஆகிய மூன்றையும் எல்லோரும் மறக்கிறார்கள். முழுக்கை நீச்சல்சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கில் பாதி குறைந்துவிடும். என் தேர்வு அதுவே.

சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்களே?

ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் பவளத்தைப் பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியதால், பலாவு நாடு 2020 ஜனவரி 1 முதலும் ஹவாய் 2021 ஜனவரி 1 முதலும் அவற்றைக் கொண்ட சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்குத் தடை விதித்தன. பவளங்கள் வெளிறிப்போவதற்கு முதன்மைக் காரணம் கடல்நீர் சூடாவதுதான், சன்ஸ்கிரீன் அன்று. ஆயினும் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு கொண்டவை எளிதில் கிடைக்கும்போது அவற்றை வாங்குவதில் இழப்பொன்றும் இல்லை. பவளத்தின்மேல் கால் ஊன்றி நிற்காமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி.

காவலர் இல்லாத கரையில் நீந்தலாமா?

அமைதியான கடற்கரை என்றாலே பெரும்பாலும் உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரை என்றுதான் பொருள். எனவே இந்த விடையை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே தாழ்வான ஒரு வழி கிடைத்தால், அது ஒடுங்கிய ஓடையாகக் கடலுக்குள் பாயும். இருபுறமும் அலை உடைந்து வெண்மையாக நுரைக்கும்போது நடுவில் மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும் இடம் அதுதான். நீச்சல் தெரியாதவர் "இங்கே அலை இல்லை" என்று இறங்கத் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுவே. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் மேடான ஓர் இடத்தில் நின்று அலைகளைப் பார்த்தால் இந்த ஓடை பெரும்பாலும் கண்ணுக்குப் படும்.

சிக்கிக்கொண்டால் அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியே மட்டுமே கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துபவர்கள் களைத்து மூழ்குகிறார்கள். ஓடை வலுத்திருக்கும்போது தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்க்க இயலாது. மிதந்திருங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள், உடலில் தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைகளோடு திரும்புங்கள். தனியே இறங்க வேண்டாம், மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம். நீர் வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இந்தோனேசியாவின் சிமலூ தீவில் 1907-ஆம் ஆண்டுச் சுனாமியின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததால், 2004 டிசம்பர் 26 அன்று அங்கே மக்கள் உடனே குன்றுகளுக்கு ஏறினார்கள். உயிரிழந்தோர் மிகச் சிலரே.

கடலில் கடிப்பவை, கொட்டுபவை பற்றி அஞ்ச வேண்டுமா?

அச்சம் வேண்டாம், பழக்கம் வேண்டும். ஆழமில்லாத மணற்பரப்பில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். பாறையுள்ள இடத்தில் ரப்பர் காலணி அணிந்தால் கடல் முள்ளெலியின் முள் எளிதில் ஏறாது. திருக்கையோ கல்மீனோ குத்திவிட்டால், குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். பிறகு மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மீனவர்கள் சொறி என்று அழைக்கும் ஜெல்லிமீன் பட்டால் தேய்க்கவோ சிறுநீர் ஊற்றவோ கூடாது. உடலில் ஒட்டிய இழைகளைக் கடல்நீரால் கழுவி, சாமணத்தால் எடுத்துவிடுங்கள். வினிகர் பெட்டி ஜெல்லிமீனுக்குப் பயன்படும், எல்லா வகைக்கும் அன்று. மூச்சுத் திணறினால் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழகான கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். அவற்றில் சில வகைகளின் நஞ்சு மனிதரைக் கொல்லக்கூடியது.

கொசுவுக்கும் மணல் ஈக்கும் என்ன செய்வது?

மணல் ஈ அதிகாலையிலும் அந்தியிலும் காற்றில்லாதபோது கடிக்கும், டெங்கியைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். டீட் அல்லது பிகாரிடின் கொண்ட பூச்சு இரண்டுக்கும் உதவும். முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்தபின் பூச்சிவிரட்டி. அறையில் மின்விசிறியை ஓடவிட்டாலே பாதித் தொல்லை தீரும். இந்தப் பூச்சிகள் காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லாதவை.

தென்னை நிழலில் படுக்கலாமா?

குலை தொங்கும் மரத்தடியில் கூடாது. தூக்குமஞ்சம் கட்டும்முன் மேலே பாருங்கள்.

மழை வந்துவிட்டால்?

வெப்பமண்டல மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் நீரிலிருந்தும் மணல்வெளியிலிருந்தும் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். கனமழைக்குப் பின் ஆற்றுமுகத்துக்கு அருகே ஓரிரு நாள்கள் நீந்தாதிருப்பது நல்லது. ஊர்க் கழிவெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

இரவில் கடற்கரையில் பார்க்க என்ன இருக்கிறது?

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்த அரைமணிக்குள் இருட்டிவிடும், விளக்கை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். நிலவில்லாத நாளில், நுண்ணுயிர்கள் மிகுந்த நீரில் அலை உடையும் இடம் நீலமாக ஒளிர்வதுண்டு. கையால் நீரைக் கலக்கினால் விரல்களுக்கு இடையே பொறி பறக்கும். இதை எதிர்பார்த்துப் போனால் பெரும்பாலும் கிடைக்காது.

ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் வெள்ளை விளக்கும் கைபேசி வெளிச்சமும் வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நகர்பவை. விடுதி விளக்கு அவற்றைத் தெருவுக்கு அழைத்துப்போய்விடும். கடல் பார்த்த சன்னல்களுக்குத் திரை போடும்படி விடுதியில் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

கிளிஞ்சல்களை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பல நாடுகளில் கடற்கரையிலிருந்து மணலோ பவளமோ கொண்டுபோவது குற்றம். கடினப் பவளங்களும் பெருஞ்சிப்பிகளும் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. அனுமதியின்றி எல்லை கடத்தினால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். சட்டம் தடுக்காத இடத்திலும் முழுச் சங்குகளை விட்டுவிடுங்கள். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. உடல் பெருக்கப் பெருக்க அது காலியான பெரிய சங்கைத் தேடி அலைகிறது. சில சமயம் பல நண்டுகள் உருவ அளவின்படி வரிசையில் காத்து நின்று, பெரியது புதுச் சங்குக்குள் புகுந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வீடு மாறும். நீங்கள் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது அந்த வரிசையின் முதல் வீடாக இருக்கலாம். உடைந்த துண்டு ஒன்றிரண்டு போதும். எப்படியும் பெட்டியின் மூலையிலும் புத்தகத்தின் மடிப்பிலும் கொஞ்சம் மணல் உங்களோடு வந்தே தீரும்.